தோல் எடுத்தாச்சு

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்:

ரெனால்ட். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் கிடங்குக்குப் பொறுப்பு.

பிரிஸ்கில்லா. அவன் மனைவி. ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவள், கழுத்து வலி வந்து நின்றுவிட்டாள்.

இஷ்தியாக் அகமது. ரெனால்டின் கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பவர். வயதில் மூத்தவர், இருந்தாலும் தோஸ்த். இருவருக்குமே பாய்.

உருளைக்கிழங்கு. தோல் இல்லாமல்.

இருக்கவேண்டிய இடத்தில் இல்லாதது: சமையலறை ஆணியில் தொங்கும் கிடங்குச் சாவி.

1

இந்தக் கதையை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது சமையல் குறிப்பு.

நைட் ஷிஃப்ட்டை விட்ட பிறகு பகலில் தூங்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பிறகு அதுவும் போனது. சாயந்திரங்களில் செய்ய ஒன்றும் இல்லாமல் உருளைக்கிழங்கு பொரித்தேன். பல நாள் அது நொந்துபோய் எண்ணெய் குடித்துக் கிடந்தது. ஒரு நாள் மொறுமொறுவென்று வந்தது. மறப்பதற்குள் எழுதிவைக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். முதல் வரி:

முதலில் தோலை எடுத்துவிடுங்கள்.

எழுதிவிட்டுப் பார்த்தேன். வேலூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் இந்த வரியை யாரிடம் காட்டினாலும், “எந்தக் கம்பெனில?” என்றுதான் கேட்பார்கள். போலீஸ்காரரிடம் காட்டினால் உட்காரச் சொல்லுவார்.

அடுத்த வரிகளும் அப்படியே வந்தன. தண்ணீரில் ஊறப்போடுங்கள். அழுக்குத் தண்ணீர் போகும்வரை கழுவுங்கள். உப்புப் போடுங்கள். வடித்துப் பரப்பிக் காற்றாடக் காயவிடுங்கள். தோல் பதனிடும் டேனரியில் புதிதாகச் சேருகிறவனுக்கும், வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும், இதையேதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அப்போது ஒரு சந்தேகம் வந்தது. இந்தக் குறிப்பை ஒருத்தி போனில் சொல்லி, அதைத் தோல் கம்பெனிக்காரன் ஒருவன் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டால்?

சந்தேகத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ரெனால்டை உண்டாக்கினேன்.

[தோல் கம்பெனிக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பதப்படுத்தி முடித்த ஈரத் தோல் நீலமாக, தொளதொளவென்று தொங்கும். அது வெட் ப்ளூ. அதைச் சீவிச் சாயம் ஏற்றிக் காயவைத்தால் விறைப்பு வரும். அது கிரஸ்ட். இந்தக் கதைக்கு இந்த இரண்டு வார்த்தைகள் போதும். மூன்றாவது வார்த்தை வந்தால் அங்கேயே சொல்கிறேன்.]

2

எப்படித் தொடங்குவது என்று எழுதிப் பார்த்தவை:

(அ) கிடங்குச் சாவி ரெனால்டிடம்தான் இருந்தது.

இப்படித் தொடங்கினால் அவன்தான் திருடன் என்று முடிவுகட்டிவிட்டு நீங்கள் பக்கத்தை மூடிவிடுவீர்கள்.

(ஆ) பாலாற்றில் அன்று தண்ணீர்

பாலாற்றில் தண்ணீரா? விட்டுவிட்டேன்.

(இ) வியாழக்கிழமை சாயந்திரம் கிரஸ்ட் கிடங்கில் ஒரு கட்டு குறைந்தது.

இதை வைத்துக்கொள்ளலாம்.

கறுப்புச் சாயம் ஏற்றிய ஆட்டுத் தோல். ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடிய கட்டு. பூட்டு உடைந்திருக்கவில்லை. மேனேஜர் ரெனால்டைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினார்.

“பூட்டு நல்லா இருக்குது. சாவி உன்கிட்ட. திங்கக்கிழமை காலைல ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கணும். யாரு பேரு எழுதறதுன்னு மட்டும் அதுக்குள்ள சொல்லிடு. நீ சொல்லலன்னா எழுதறதுக்கு எனக்கு ஒரு பேருதான் தெரியும்.”

மேனேஜர் மேசை டிராயரில் இன்னொரு சாவி உண்டு. ரெனால்டுக்கும் அது தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. மேலே இருப்பவனைச் சந்தேகப்படத் தைரியம் வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவளைச் சந்தேகப்பட அது தேவையில்லை.

[கடைசி இரண்டு வரிகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அவன் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, நான் முந்திக்கொள்கிறேன். ஆனால் அவன் செய்யப்போவது எனக்குத் தெரியும். அதனால் அடிக்கவில்லை.]

3

வெள்ளிக்கிழமை. தெருவில் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ரெனால்ட் வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். வண்டிச் சத்தம் இல்லாததால் பிரிஸ்கில்லாவுக்கு அவன் வந்தது தெரியாது. சமையலறைச் சன்னல் தெருப்பக்கம். அவள் தன் தோழி சௌந்தர்யாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“தோலு எடுத்தாச்சுடி. காலைலயே எடுத்துட்டேன்… ரெண்டு கிலோ வரும்… சேச்சே, இவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அவ்ளோதான், மானத்த வாங்கிடுவாரு… ஆமாண்டி, போன தடவ வெட் ப்ளூ ஆய்டுச்சில்ல. இந்தத் தடவ பாரு, கிரஸ்ட்டே வரும்… பின் ரூம்ல ஃபேன போட்டுக் காயவெச்சிருக்கேன். பூட்டிட்டேன். ஞாயித்துக்கிழமை சரக்க எடுத்துக் காட்றேன், அப்பறம் சொல்லு… சரி வெச்சிடறேன், அவரு வர்ற நேரம்.”

ரெனால்ட் சன்னலுக்குக் கீழே நின்றான். கையில் டிபன் கேரியர்.

அவன் மனதில் என்ன ஓடியது என்று இங்கே எழுதவேண்டும். எழுதியது இது: ‘அவன் காலடியில் பூமி’. இதோடு நிறுத்தினேன். ரெனால்ட் அப்படி நினைக்கிறவன் இல்லை. அவன் நினைத்தது: பேரணாம்பட்டு. பிரிஸ்கில்லாவின் அண்ணன் டேனியல் அங்கே கையுறை தைக்கிறான். கையுறைக்கு ஆட்டுத் தோல் வேண்டும்.

‘ரெண்டு கிலோ’ என்றாளே, கிரஸ்ட்டை எவனாவது கிலோ கணக்கில் சொல்லுவானா? சதுர அடிக் கணக்கில் அல்லவா சொல்லுவான்? கிடங்கில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இது முதல் நொடியில் பொறிதட்டியிருக்கவேண்டும். தட்டியது. போனில் சாடையாகப் பேசுகிறாள் என்று அவன் அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டான். சந்தேகம் வந்துவிட்டால் பொருந்தாத துண்டுதான் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிஸ்கில்லாவின் வாயில் வெட் ப்ளூ, கிரஸ்ட் என்ற அந்த இரண்டு வார்த்தைகளைப் போட்டது ரெனால்ட்தான்.

போன வருடம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. பெண்கள் சங்கத்துக் கடையில் பிரிஸ்கில்லா உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டுபோய் வைத்தாள். வீட்டில் எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. சூடு ஆறக்கூடாது என்று டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிட்டாள். ஜெபம் முடிந்து திறந்தபோது ஆவியில் வேர்த்து, ஒவ்வொரு துண்டும் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. ரெனால்ட் ஒன்றைக் கையில் எடுத்து, எல்லோரும் பார்க்க ஆட்டிக் காட்டினான்.

“இன்னாடி இது, வெட் ப்ளூ மாதிரி தொங்குது? இன்னும் கிரஸ்ட்டே ஆகலியே.”

அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் தோல் கம்பெனிக்காரர்கள். விழுந்து விழுந்து சிரித்தார்கள். மீதிப்பேருக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்துச் சிரிக்கவைத்தார்கள். ஜெபம் நடத்திய சர்ச் ஐயர் வரைக்கும் சிரித்தார். பிரிஸ்கில்லாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவளைத் தெருவில் பார்க்கும் பெண்கள், “இன்னா பிரிஸ்கில்லா, காஞ்சுதா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு வருடமாகக் கேட்கிறார்கள்.

இந்த வருடப் பண்டிகை அடுத்த ஞாயிறு.

ரெனால்டுக்கு அந்த நாள் நினைவில் இல்லை. கேலி செய்தவனுக்கு ஏன் நினைவில் இருக்கப்போகிறது?

4

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவன் வீட்டுக்குள் போனதும் பார்த்தது: பின் அறைக் கதவில் பூட்டு. உள்ளே ஃபேன் ஓடும் சத்தம்.

“உள்ள யாரு?”

“யாருமில்லையே.”

“ஃபேன் ஓடுது?”

“ஈரத் துணி போட்டிருக்கேங்க.”

“பூட்டு இன்னாத்துக்கு?”

“பூனை வருதுங்க.”

அந்த வீட்டில் பூனையை அவன் பார்த்ததே இல்லை.

[நானும் பார்க்கவில்லை. இந்தக் கதையில் பூனை உண்டா என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. பிரிஸ்கில்லா பொய்யில் பழக்கம் இல்லாதவள். பழக்கம் இல்லாதவர்கள்தான் பூனையைக் கொண்டுவருவார்கள்.]

அவள் குளிக்கப் போன நேரத்தில் ரெனால்ட் சமையலறைக்குப் போனான். சுவரில் ஒரு பெரிய ஆணி. கிடங்குச் சாவி தினமும் அதில்தான் தொங்கும். கம்பெனிப் பேர் அடித்த பித்தளை வில்லையோடு. சாவிக்கு மேலேயே பிரிஸ்கில்லா ஜல்லிக்கரண்டியையும் மாட்டுவாள். சாவியை எடுத்தால் கரண்டி ஆடும், கரண்டியை எடுத்தால் சாவி ஆடும். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்.

ரெனால்ட் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சாவியை உருவிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இதற்குப் பிறகு அவன் நேராகப் போய், “அந்த ரூமைத் திற” என்று கேட்டிருக்கலாம். நீங்கள் அதைத்தான் கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். ஒரு வரைவில் அவனைக் கேட்கவும் வைத்தேன். கதவைத் திறந்தாள், உருளைக்கிழங்கு இருந்தது, இருவரும் சிரித்தார்கள், அரைப் பக்கத்தில் முடிந்தது. அந்த வரைவைக் கிழித்ததற்குக் காரணம் கதை சின்னதாகிவிட்டது என்பதல்ல. அந்த ரெனால்ட் பொய். அவனுக்கு உண்மை தெரியவேண்டியதில்லை. திங்கட்கிழமைக்குள் ஒரு பேர் வேண்டும். கதவைத் திறந்து பார்த்தால் அந்தப் பேர் போய்விடலாம்.

5

சனிக்கிழமை, கம்பெனிக்கு எதிரே டீக்கடை. இஷ்தியாக் அகமது பன்னைப் பிய்த்து டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, மூஞ்சியப் பாத்தா ரிஜெக்ஷன் தோலு மாதிரி இருக்குது? மேனேஜர் சும்மா பேஜார் பண்றான். வுடு.”

“பாய், சாவி பகல்ல என்னாண்ட இருக்குது. சாயந்திரமானா ஆணில தொங்குது.”

“தொங்கட்டும். அதுக்கு இன்னா?”

“ஆணி வீட்ல இருக்குது.”

பாய் பன்னைக் கீழே வைத்தார்.

“நீ இன்னா சொல்றன்னு தெரிஞ்சுதான் சொல்றியா?”

“அவ அண்ணன் பேரணாம்பட்டுல கிளவுஸ் தைக்கிறான்.”

“என் மச்சான் கூடத்தான் தைக்கிறான். அதுக்காக என் பொண்டாட்டிய இழுத்துட்டுப் போவியா?”

“என் காதால கேட்டேன் பாய். தோலு எடுத்தாச்சுன்னா. கிரஸ்ட்டுன்னா. பின் ரூமைப் பூட்டி வெச்சிருக்கா.”

பாய் டீயைத் தள்ளிவைத்தார்.

“தங்கச்சிகிட்ட கேட்டியா?”

“இல்ல. நாளைக்கு நீங்க சும்மா வர்ற மாதிரி வாங்க. வந்து பாருங்க.”

“நான் இன்னாத்துக்குப்பா?”

ரெனால்ட் கிளாசைச் சுற்றினான்.

“திங்கக்கிழமை மேனேஜர் கேட்டா, நான் முன்னாடியே பாய்கிட்ட சொல்லிட்டேன்னு இருக்கும்ல.”

இந்த வரியை எழுதிவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அதற்கு முன்பு வரை அவன் ஒரு முட்டாள். சன்னலுக்கு வெளியே நின்று தப்பாகக் கேட்டவன். அதை மன்னிக்கலாம், சிரிக்கலாம். இந்த வரியில் அவன் முட்டாள் இல்லை.

கொஞ்சம் நல்லது செய்து பார்த்தேன். ‘இதைச் சொல்லும்போது அவன் கை நடுங்கியது.’ நடுங்கவில்லை. ‘சொன்ன பிறகு அவனுக்கு டீ கசந்தது.’ அந்தக் கடையில் டீ எப்போதும் கசக்கும். விட்டுவிட்டேன்.

இஷ்தியாக் அகமது மேலேயும் எனக்குச் சந்தேகம் உண்டு. அவர் மறுத்திருக்கலாம். “நான் வரமாட்டேன்” என்று ஒரு வார்த்தை போதும். அவர் சொன்னது, “சரி, வர்றேன்.” நட்பா, வேடிக்கை பார்க்கும் ஆசையா? அவரிடம் இரண்டு முறை கேட்டுப்பார்த்தேன். பன்னைத் தின்றார்.

6

ஞாயிறு. சர்ச் முடிந்து வந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்திருந்தது. வாசலில் பாயின் குரல்.

“ரெனால்ட், தெருவ எவன்பா இப்டித் தோண்டுனான்? புதையல் தேடுறானா?”

பிரிஸ்கில்லாதான் முன்னால் ஓடிவந்தாள்.

“வாங்க பாய். கரெக்ட்டா வந்தீங்க. உங்களாண்ட ஒரு வேலை இருக்குது.”

“என்னாண்டயா?”

“தோலு பாக்கற கை தானே. என் சரக்கையும் பாத்து ஒரு கிரேடு போட்டுட்டுப் போங்க.”

ரெனால்ட் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சரக்கு என்ற வார்த்தைக்கு அவன் பாயைப் பார்த்தான். பாய் அவனைப் பார்க்கவில்லை.

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பின் அறையைத் திறந்தாள். கட்டிலில் ஒரு பழைய வெள்ளை வேட்டி. அதன்மேல் விரல் கனத்துக்கு வெட்டிய உருளைக்கிழங்கு, ஒன்றோடொன்று ஒட்டாமல், வரிசை வரிசையாக. மேலே ஃபேன்.

“மூணு நாளா பழகறேன் பாய். வெள்ளிக்கிழமை காயவெச்சது தீஞ்சிடுச்சு, நேத்து போட்டது உடஞ்சிடுச்சு. இது இன்னிக்குக் காலைல அரைவேக்காடு எடுத்தது. ஒரு தடவ எண்ணெல போட்டு எடுத்தாச்சு, நெறம் வராம. இப்ப ரெண்டாவது. இவருக்குத் தெரியாம பண்றதுக்குள்ள எனக்கு உயிரு போச்சு.”

இங்கே ரெனால்டுக்கு என்ன வரவேண்டும்? நிம்மதியா? வெட்கமா? ‘அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம்’ என்று தொடங்கி நிறுத்தியிருக்கிறேன். அவனுக்கு முதலில் வந்தது எரிச்சல். உருளைக்கிழங்கா? அப்படியானால் நாளைக் காலையில் மேனேஜரிடம் யார் பேரைச் சொல்வது?

அதற்குப் பிறகுதான் இன்னொன்று வந்தது. அவன் மெதுவாக பாயைப் பார்த்தான். நேற்றுச் சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்கும் பார்வை.

சமையலறையில் எண்ணெய் காய்ந்தது. அவள் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். இரும்புச் சட்டி சளசளவென்று கத்தியது.

“நெறையப் போடக்கூடாது பாய், எண்ணெ ஆறிடும். சத்தத்தக் கேளுங்க. கத்தல் கம்மியாச்சுன்னா உள்ள தண்ணி போச்சுன்னு அர்த்தம். அப்ப எடுத்துடணும். எடுத்ததும் உப்பு. சுடச்சுடப் போட்டாத்தான் புடிக்கும்.”

[சமையல் குறிப்பு வேண்டும் என்று வந்தவர்கள் இத்தோடு போகலாம். இதற்குமேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.]

பாய் ஒன்றை எடுத்தார். ஆறும்வரை உள்ளங்கையில் உருட்டினார். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே போனார், கம்பெனி மேசையில் தோலை அழுத்துவது போலவே. பிறகு வளைத்தார். டக்கென்று முறிந்தது.

“லூசு இல்ல, கெட்டியா இருக்குது. சுருக்கம் இல்ல. ஓட்டை இல்ல.”

“கிரேடு சொல்லுங்க பாய்.”

“உள்ளூர்ல விக்கக்கூடாது தங்கச்சி. எக்ஸ்போர்ட்டு.”

பிரிஸ்கில்லா சிரித்தாள். போன வருடச் சிரிப்பு இல்லை இது.

“போன வருசம் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் ஒருத்தரு வெட் ப்ளூன்னாரு. இன்னும் கிரஸ்ட்டே ஆகலன்னாரு. அவரக் கேளுங்க பாய், இது இன்னான்னு.”

அப்போதுதான் ரெனால்டுக்குக் கேட்டது. அவனுடைய வார்த்தைகள். ஒரு வருடம் அவளிடம் ஊறி, வெள்ளிக்கிழமை சன்னல் வழியாக அவனிடமே திரும்பி வந்திருக்கின்றன.

7

சட்டியில் போட்ட அடுத்த பிடியை எடுக்க அவள் ஆணியிலிருந்து ஜல்லிக்கரண்டியை உருவினாள். கரண்டி மட்டும் வந்தது. ஆடுவதற்குக் கீழே எதுவும் இல்லை.

“ஏங்க, சாவி எங்க? ரெண்டு நாளா ஆணில காணோம்.”

“ஆபீஸ்ல குடுத்துட்டேன்.”

“எதுக்குங்க?”

“கிடங்குல ஒரு கட்டு காணோம். அதான்.”

“இதப் பாரு!” என்றார் பாய், வாய் நிறைய. “அத சொல்லத்தானே வந்தேன். கட்டு கெடச்சுடுச்சுப்பா. நேத்து சாயந்திரம், நீ போனப்பறம். பஃபிங்ல கெடந்துது.”

[பஃபிங்: தோலை மிஷினில் தேய்த்து மழமழப்பாக்கும் இடம். மூன்றாவது வார்த்தை வந்தால் சொல்கிறேன் என்றேன் அல்லவா.]

“பஃபிங்லயா?”

“திரும்பத் தேய்க்கணும்னு மேனேஜரே இன்னொரு சாவி போட்டுத் தொறந்து எடுத்துக் குடுத்தாராம். குடுத்தவரே மறந்துட்டாரு. நேத்து அவர் மூஞ்சியப் பாத்திருக்கணும் நீ. ஸ்டேஷன் கீஷன் எதுவும் கெடயாது. தங்கச்சி, இவன் பயந்த பயம் இருக்குதே, பாவம், உன்னையே போய்”

நிறுத்திவிட்டார்.

நான் இந்த வரியை முடித்துப் பார்த்தேன். ‘உன்னையே போய்ச் சந்தேகப்பட்டான்.’ ‘உன்னையே போய்க் காட்டிக்கொடுக்கப் பார்த்தான்.’ ‘உன்னையே போய்ச் சொன்னான், நானும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.’ மூன்றையும் அடித்தேன். இஷ்தியாக் அகமது என்னைவிட நல்ல எழுத்தாளர். எங்கே நிறுத்தினால் எல்லாம் தெரிந்துவிடுமோ அங்கே நிறுத்தினார்.

வாய் தவறியா, வேண்டுமென்றா? எனக்குத் தெரியாது. தோலில் ஊசிமுனை ஓட்டையைக்கூடத் தவறவிடாத ஆள் அவர்.

சட்டியில் கத்தல் குறைந்துகொண்டே வந்தது. எடுக்கவேண்டிய நேரம். பிரிஸ்கில்லா எடுக்கவில்லை.

“என்னையே போய்?”

“ஒண்ணுமில்ல தங்கச்சி. எடு, தீஞ்சிடப்போவுது.”

அவள் அடுப்பை அணைத்தாள். பாயின் முகத்தைப் பார்த்தாள். பாய் தட்டைப் பார்த்தார். “நீங்க இன்னிக்கு உருளைக்கெழங்கு சாப்பிட வரல, இல்ல பாய்?” என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ரெனால்ட் எதையாவது செய்யவேண்டும் என்று நினைத்து, தட்டை எடுப்பதற்காக நாற்காலியிலிருந்து எழுந்தான்.

கால்சட்டைப் பையில் சாவியும் பித்தளை வில்லையும் ஒன்றோடொன்று மோதின.

கல்யாணமானதிலிருந்து தினமும் அந்த ஆணியில் அவள் கேட்ட சத்தம் அது. ஆபீசில் கொடுத்துவிட்ட சாவி.

பிரிஸ்கில்லா ஆணியைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அதில் ஏன் சாவி இல்லை என்று அவளுக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

“என் கரண்டிக்கு எடம் விட்டீங்கன்னு நெனச்சேன்,” என்றாள்.

8

இதற்கு மேல் மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் அழுகிறாள். கிழித்துவிட்டேன். பிரிஸ்கில்லா அழவில்லை, நான்தான் அவளை அழவைக்கப் பார்த்தேன், வேலை சுலபமாகும் என்று.

இன்னொன்றில் ரெனால்ட் மன்னிப்புக் கேட்கிறான். எத்தனை முறை எழுதினாலும் அவன் வாயில் அது “அப்டி இல்ல பிரிஸ்கில்லா, நீதான் போன்ல” என்றே தொடங்குகிறது. அதற்குமேல் என்னால் அவனுக்கு உதவ முடியவில்லை.

மூன்றாவதில் எல்லோரும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்கிறார்கள். அடுத்த ஞாயிறு பண்டிகையில் அது முதல் ஆளாகத் தீர்ந்துபோகிறது. “காஞ்சுதா?” என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இதைக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. தின்னும்போது ரெனால்டின் பையில் சாவி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அங்கேயேதான் இருந்தது. எடுத்து ஆணியில் மாட்ட அவனுக்குக் கை வரவில்லை.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. அவன் வாசலைத் தாண்டும்வரை கொண்டுவந்து விடுகிறேன். மீதி உங்களுடையது. அவன் கதவைத் தட்டலாம். தட்டினால் என்ன சொல்லித் தட்டுவான் என்று நீங்கள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். அவள் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். அடுத்த ஞாயிறு அந்தக் கடையில் அவள் யாரோடு நிற்பாள் என்பதையும் நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன்மேல் பரிதாபப்பட்டு அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள். இன்னொன்று: அவனிடம் சாவி இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அது எந்தப் பூட்டுக்கு என்பது உங்களுக்குத் தெரியும்.

நடந்தது இவ்வளவுதான்.

பாய் எழுந்தார். பிரிஸ்கில்லா ஒரு செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றி, மொறுமொறுப்பாக இருந்ததையெல்லாம் அதில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

“மேல மூடாதீங்க பாய். மூடினா வேர்த்துடும்.”

“வர்றேன் தங்கச்சி.” வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தோண்டிய மண்ணைத் தாண்டிப் போனார்.

ரெனால்டுக்கு அந்த அறையில் நிற்க முடியவில்லை.

“பாயை வண்டி வரைக்கும் வுட்டுட்டு வர்றேன்.”

இத்தனை வருடமாக ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் அவனுக்காக ஒரு ‘ங்க’ வைத்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

“போ.”

அவன் செருப்புக்கூடப் போடாமல் படியில் கால் வைத்தான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, பூட்டில் சாவி திரும்பியது.